வீட்டில் நடந்த விபத்து

"காலுக்கு என்னாச்சுன்னு நர்ஸம்மா கேட்டா என்ன சொல்லுவ?"

"சுடுதண்ணி கொட்டிடுச்சு."

"எங்க?"

"கால்லதான்."

"அது தெரியுது. எந்த எடத்துல வெச்சுக் கொட்டுச்சுன்னு கேக்கறேன்."

மூத்த மருமகள் பெரியவள் தன் காலைப் பார்த்துக்கொண்டாள். சுவரில் சாய்ந்து, இரண்டு கால்களையும் நீட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் வரை தோல் வெந்து சுருண்டிருந்தது. விரலிடுக்குகளில் கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது. அவள் கணவன் மீன் பண்ணையில் மேஸ்திரி. வேலைக்குக் கிளம்பிய செருப்போடு வாசலில் நின்று, வாத்தியார் பாடம் ஒப்புவிக்கச் சொல்வதுபோல அவளைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நம்ம வீட்டு அடுப்படியில," என்றாள் கடைசியில்.

"அப்படி வா வழிக்கு. சுண்ணாம்புங்கற பேச்சு வாய் தவறிக்கூட வந்துடக் கூடாது."

பாவம், அவள் அடுப்படி ஒரு தப்பும் செய்யவில்லை. முந்தின நாள் காலை, தண்ணீர் வடித்த குளத்தில் புது மீன் குஞ்சு விடுவதற்காகச் சேற்றின்மேல் சுண்ணாம்புத் தூள் தூவினார்கள். எட்டுப் பெண்கள். கையில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் முறம், காலில் பிறக்கும்போது கொண்டுவந்த தோல். ஈரம் பட்டால் அந்தத் தூள் கொதிக்கும் என்று பண்ணையில் எல்லோருக்கும் தெரியும். சேறு ஈரமாகத்தான் இருக்கும் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கிற வேலைக்கு மட்டும் பண்ணை ஆள் எடுக்கவில்லை.

இரண்டு அறை வீடு அது. முன்னறையில் மேஸ்திரியும் அவளும். உள்ளறையில் மேஸ்திரியின் தம்பியும், கட்டிக்கொண்டு ஒரு வருஷமான அவன் மனைவியும். இரண்டு அறைக்கும் நடுவில், சமையல் மூலைக்குப் பக்கத்தில், மாமியார். மருமகள்களை அவள் "பெரியவளே", "சின்னவளே" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டது.

சின்னவள்தான் அவளைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நர்ஸ் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், பேனாவை எடுத்தாள்.

"சுடுதண்ணியா?"

"ஆமா."

"அடுப்படியிலயா?"

"ஆமா."

"உங்க தெரு அடுப்பெல்லாம் ரொம்பப் பொல்லாத அடுப்பும்மா. போன மாசம் இதே மாதிரி ரெண்டு பேரு. அதுக்கு முந்தி ஒருத்தரு பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு வந்தாரு. உள்ளங்கையில மீன் முள்ளு, கை பானை மாதிரி வீங்கியிருக்கு. பாத்ரூமுக்கு மீன் எப்படிய்யா வந்துச்சுன்னா, தெரியலம்மான்றாரு."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருந்து பட்டதும் அது வந்த வழியே போயிற்று.

பண்ணையில் விபத்தே கிடையாது. அது முதலாளியின் கொள்கை. "என் பண்ணையில ஒரு ஆளுக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல," என்று மீன் வாங்க வரும் பெரிய வியாபாரிகளிடம் நெஞ்சில் கை வைத்துச் சொல்வார். அதற்குச் சாட்சியாக, "விபத்தில்லாப் பண்ணை" என்ற சான்றிதழைக் கண்ணாடி போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்தார். அதற்குக் கீழே ஒரு அலமாரியில் பன்னிரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸும் கையுறைகளும் வரிசையாக இருந்தன. சோதனைக்கு ஆள் வரும் நாளில் அலமாரி திறக்கும். எல்லா பூட்ஸும் ஒரே அளவு, முதலாளியின் மைத்துனர் மொத்தமாக வாங்கிப் போட்டது. பெண்கள் அதற்குள் காலை விட்டு, தொட்டியில் நிற்பதுபோல நிற்பார்கள். சோதனைக்காரர் போட்டோ எடுப்பார், சாப்பிடுவார், போவார். பூட்ஸைத் துடைத்து மறுபடி அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். பூட்ஸுக்குக் கீறல் விழுந்துவிடக் கூடாதே.

ஆனால் தண்ணீரும் மின்சாரமும் சுண்ணாம்பும் முதலாளியின் கொள்கையைப் படித்திருக்கவில்லை. விபத்துகள் நடந்துகொண்டுதான் இருந்தன. நடந்த விபத்து சாயங்காலத்துக்குள் பண்ணை வேலியைத் தாண்டி, தெருவுக்குள் நுழைந்து, யார் வீட்டிலாவது புகுந்துகொள்ளும். உண்மையைச் சொன்னவருக்கு மறுநாள் வேலை இருக்காது. அதனால் யாரும் கட்டளையிட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பெண்கள் அடுப்படியில் சுட்டுக்கொண்டார்கள், ஆண்கள் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்கள். இப்படி ஒரு கவனக்குறைவான ஜனங்களை வைத்துக்கொண்டு இத்தனை ஒழுங்காகப் பண்ணை நடத்துகிற முதலாளியைப் பார்த்து வியாபாரிகள் அதிசயித்தார்கள்.

கொழுந்தனுக்குக் காற்றுச் சக்கரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. குளத்து நடுவில் மிதந்தபடி மோட்டாரில் சுற்றித் தண்ணீரை அடித்து அடித்து மீனுக்குக் காற்று ஊட்டும் சக்கரங்கள் அவை. அவன் வாய் ஓயாத ஆள். அன்று சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, கட்டுப் போட்ட அண்ணியின் காலைப் பார்த்துக் கேலி செய்தான்.

"என்ன அண்ணி, வெள்ளை பூட்ஸு! முதலாளி அலமாரியத் திறந்துட்டாரா?"

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சலில்ல. சாப்பிடு."

"எனக்கு பூட்ஸெல்லாம் வேணாம். தண்ணி கடிக்காம இருந்தா போதும்." அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "மூணாம் குளத்துல இறங்கினா முழங்கால் வரைக்கும் சுள்ளுனு கடிக்குது அண்ணி. ஒயரு ஒட்டுப்போட்ட எடத்துல வெறும் பிளாஸ்டிக் கவரச் சுத்தி வெச்சிருக்காங்க. கசிஞ்சா தானா அணையற மாதிரி ஒரு பெட்டி இருக்குதாம், அத வாங்கிக் குடுங்கன்னு கரண்டுக்காரர் மூணு தடவ கேட்டுட்டாரு."

"மேனேஜர் என்ன சொன்னாரு?"

"கடிச்சது மீனா இருக்கும்னாரு."

மேனேஜருக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் 'சரிங்கய்யா'. போனில் முதலாளியிடம் அவர் பேசும் மொத்தப் பேச்சும் அதுதான். மேஸ்திரி தட்டைப் பார்த்தபடியே, "ரெண்டு நாள் பொறு. முதலாளி கிட்ட நானே பேசறேன்," என்றான். இரண்டு நாள் போயிற்று. நாலு நாளும் போயிற்று. முதலாளியின் முகம் நல்லபடியாக இருக்கும் ஒரு வேளைக்காக அவன் காத்திருந்தான்.

ஐந்தாம் நாள் காலை, கால் ஆறாமலே பெரியவள் வேலைக்குப் போனாள். உட்கார்ந்து செய்கிற வேலையாக மூன்றாம் குளத்துக் கரையில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சக்கரத்தில் நைலான் கயிறு சுற்றிக்கொண்டது. கொழுந்தன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினான்.

"நிறுத்திட்டு இறங்கேன்டா!" என்றாள்.

"சாவி சரிங்கய்யா கிட்ட இருக்கு அண்ணி. நிறுத்தினா மீன் செத்துரும்னு..."

அவன் சக்கரத்தைப் பிடித்தான். பிடித்த கையை விடவில்லை. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. சக்கரம் ஆட ஆட அவன் உடம்பும் ஆடியது. அவள் வலையை வீசிவிட்டு, வெந்த காலோடு ஓடினாள்.

"கரண்ட நிறுத்துங்க! ஐயோ, யாராவது நிறுத்துங்க!"

சுவிட்சுப் பெட்டிக்குப் பூட்டு. பூட்டுக்குச் சாவி மேனேஜரின் இடுப்பில். மேனேஜரின் கையில் போன். குளத்தில் மீன் அடர்த்தியாக இருந்தது, அறுவடைக்கு மூன்றே வாரம். தன் பொறுப்பில் நிறுத்தி மீன் செத்தால் யார் பதில் சொல்வது? ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிறுத்தலாம் என்று முதலாளிக்குப் போன் அடித்தார். எடுத்தது முதலாளியின் மனைவி.

"அவரு குளிச்சிட்டிருக்காரே."

மேனேஜர், "சரிங்கம்மா," என்றார்.

அதற்குள் கரண்டுக்காரர் கடப்பாரையால் பூட்டை உடைத்துப் பெட்டியைத் திறந்து சுவிட்சை இறக்கினார். சக்கரங்கள் நின்றன. கரையேற்றிய உடம்பின் நெஞ்சை இரண்டு பேர் மாறி மாறி அழுத்தினார்கள். மேஸ்திரி எங்கிருந்தோ ஓடிவந்து, "தம்பீ, தம்பீ" என்று கன்னத்தில் தட்டினான். மேனேஜர் மீன் தீனி ஏற்றும் வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். மூட்டைகளுக்கு நடுவில் அவனைப் படுக்க வைத்து, மேஸ்திரியும் மேனேஜரும் ஏறிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்கள் என்று பெரியவள் நினைத்தாள். சின்னவளுக்குச் சொல்ல வேண்டுமே என்று வீட்டை நோக்கி நொண்டி நொண்டி நடந்தாள்.

தெருமுனை திரும்பியபோது, தீனி வண்டி அவள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்றது.

வீட்டுக்குப் பின்னால் நாலு தகரத்தை நட்டு, ஒரு வாளியை வைத்தால் அதுதான் அவர்கள் பாத்ரூம். மேலே வானம். கொழுந்தன் அதற்குள் கிடந்தான். பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீர், அதில் வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பி. அப்படி ஒரு பொருள் அந்த வீட்டில் என்றைக்கும் இருந்ததில்லை. பண்ணையில் விபத்து நடக்காது என்ற கொள்கை இந்த முறையும் காப்பாற்றப்பட்டுவிட்டது. பார்க்கப்போனால், அன்று காலை அந்த நேரத்தில் பாத்ரூமில் இருந்தவர் முதலாளி ஒருவர்தான்.

"என்னங்க இது? ஆஸ்பத்திரிக்குப் போகல?"

மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "உசுரு போயிடுச்சு. இனிமே எங்க கொண்டுபோனா என்ன? முதலாளி போன்ல பேசினாரு. சின்னவளுக்கு ஆயுசுக்கும் பண்ணையில வேலை குடுக்கறாராம். நம்ம பொழப்பும் போயிடக் கூடாது இல்ல. நீ உள்ள போ."

குழாயடியிலிருந்து சின்னவள் இடுப்பில் குடத்தோடு வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே அடுத்த வீட்டிலிருந்து மாமியாரும் வந்தாள். குடம் விழுந்து உருண்டது. அலறல் கேட்டுத் தெருவே கொல்லைக்கு வந்துவிட்டது.

கூட்டத்துக்கு மேனேஜர்தான் விளக்கம் சொன்னார். "உடம்பு சரியில்லன்னு வேலையில பாதியில வந்திருக்கான். குளிக்கப் போயிருக்கான். அவன் புதுசா வாங்கிட்டு வந்த வெந்நீர்க் கம்பி பக்கெட்டுலயே கெடந்திருக்கு. பொம்பளைங்க போட்டுட்டு அணைக்காம போயிட்டாங்க. என்ன பண்றது, அஜாக்கிரதை."

பொய் என்று ஒன்று வந்தால் அதற்கு ஒரு கை தேவைப்படுகிறது. அந்த நேரத்தில் மாமியார் அடுத்த வீட்டில் இருந்தாள், பெரியவள் பண்ணையில் இருந்தாள். மிச்சம் இருந்தது சின்னவளின் கை. யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். மாமியார் எழுந்துபோய் அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

"கொன்னுட்டியேடி! என் புள்ளைய வெந்நீர் வெச்சுக் கொன்னுட்டியேடி! ஒரு சுவிட்ச அணைக்கத் தெரியாதவளையா நான் வீட்டுக்குக் கொண்டாந்தேன்!"

மேஸ்திரி அதையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

பெரியவள் சின்னவளை இழுத்து உள்ளறையில் உட்கார வைத்தாள். சின்னவள் அழவில்லை. அறை வாங்கிய கன்னத்தைக்கூடத் தடவவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நான் ஹீட்டரப் போட்டேனாக்கா?"

"நம்ம வீட்டுல ஏதுடி ஹீட்டர்?"

"எல்லாரும் சொல்றாங்களே. தண்ணிக்குப் போற அவசரத்துல போட்டிருப்பேனோ? எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குதேக்கா."

பெரியவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் கால் வெந்தபோது பழியை அடுப்பின்மேல் போட்டார்கள். அடுப்புக்கு வாய் இல்லை, மனமும் இல்லை, அது பேசாமல் இருந்துவிட்டது. இவளோ தான் செய்யாத கொலையைத் தன் ஞாபகத்துக்குள் தேடிக்கொண்டிருக்கிறாள். இன்னும் பத்து நாள் போனால் கண்டுபிடித்தும் விடுவாள். சாகும்வரை அதைச் சுமப்பாள்.

மத்தியானம் போலீஸ்காரர் வந்தார். கொல்லையில் நாற்காலி போட்டார்கள். மேனேஜர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, நிமிர்ந்து கேட்டார்.

"வெந்நீர் போட்டது யாரு?"

கூட்டம் உள்ளறைப் பக்கம் பார்த்தது. பெரியவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு இறங்கினாள்.

"சார், அந்தக் கம்பிய எதுல சொருகினாங்கன்னு மொதல்ல கேளுங்க."

"வாய மூடு," என்றான் மேஸ்திரி.

"இத்தன வருஷம் மூடித்தான் இருந்தேன். இந்த வீட்டுல ப்ளக் போடற எடம் ஒண்ணே ஒண்ணு, முன்னறையில இருக்கு சார். கம்பியோட ஒயரு ஒரு முழம். பாத்ரூம் அங்கேந்து இருவது அடி. இங்க இருக்கறது நாலு தகரமும் வானமும்தான். கரண்டு எங்கேந்து வந்துச்சு, வானத்துலேந்தா?"

போலீஸ்காரர் மேனேஜரைப் பார்த்தார்.

"எக்ஸ்டென்ஷன் ஒயரு ஒண்ணு இருந்துச்சு சார்," என்றார் மேனேஜர். "நாங்கதான் எடுத்து வெச்சுட்டோம். பாதுகாப்புக்காக."

பாதுகாப்பு என்ற சொல் அந்த மனிதரின் வாயிலிருந்து வந்ததை அந்தத் தெரு அன்றுதான் முதல்முறையாகக் கேட்டது.

"அவன் கையப் பிரிச்சுப் பாருங்க சார்," என்றாள் பெரியவள். "குளிக்கப் போனவன் கையில பாசி எதுக்கு? நைலான் கயிறு எதுக்கு? மூணாம் குளத்துல என் கண்ணு முன்னாடி செத்தான். நிறுத்தச் சொல்லி நான் கத்தினேன். இவரு முதலாளியக் கேக்கணும்னு போன் அடிச்சாரு. முதலாளி குளிச்சிட்டிருந்தாராம். இதோ இந்தக் காலும் அடுப்படியில வேகல. பண்ணைச் சுண்ணாம்புல வெந்துச்சு. எழுதிக்குங்க."

போலீஸ்காரர் குனிந்து, விறைத்துப்போன விரல்களைப் பார்த்தார். நகத்தடியில் பச்சையாக இருந்தது. உள்ளங்கையில் கயிற்று நூல் ஒட்டியிருந்தது. அவர் நிமிர்ந்து மேஸ்திரியைக் கேட்டார்.

"நீதான அண்ணன்? நீ என்னய்யா சொல்ற?"

மேஸ்திரி மேனேஜரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். மாமியார் செத்த மகனின் தலைமாட்டிலிருந்து எழுந்து அவன் எதிரில் வந்து நின்றாள்.

"சொல்லுடா. எங்க செத்தான் என் புள்ள?"

"பண்ணையிலதாம்மா."

"நீ கூட இருந்தியா?"

"இருந்தேம்மா."

"தெரிஞ்சும் சின்னவள அடிக்க விட்டியாடா?"

மாமியார் உள்ளறைக்குப் போய்ச் சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அறைந்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சநேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு சின்னவளின் கன்னத்தில் வைத்தாள். மன்னிப்பு என்ற வார்த்தையெல்லாம் அவளுக்குச் சொல்லிப் பழக்கமில்லை.

உடம்பை அறுத்துப் பார்த்து, மின்சாரம் தாக்கிப் பண்ணையில் இறந்ததாக எழுதினார்கள். முதலாளி மனம் தளரவில்லை. ரப்பர் பூட்ஸ் வாங்கி வைத்திருந்தும் அதை அணியாமல் தண்ணீரில் இறங்கியது தொழிலாளியின் அஜாக்கிரதை என்று பதில் எழுதிக் கொடுத்தார். செத்தவனால் இல்லையென்று சொல்ல முடியாது, பூட்ஸ்களோ பளபளவென்று சாட்சி சொன்னன. வழக்கு நடக்கிறது என்றார்கள். அது எங்கே நடக்கிறது என்று பெரியவள் மூன்று முறை போய்க் கேட்டுவிட்டு வந்தாள். வீட்டில் கணவனுக்குச் சோறு போட்டாள், பேச்சுப் போடவில்லை.

மூன்று வாரம் கழித்து மூன்றாம் குளத்தில் அறுவடை. ஐஸ் நிரப்பிய வண்டி காலையிலேயே வந்து நின்றது. வழக்கமாக வலை இழுக்க வரும் வெளியூர் ஆட்களுக்குச் சாவுச் சேதி எட்டிவிட்டதால் அவர்கள் யாரும் வரவில்லை, தெருப் பெண்கள்தான் வந்தார்கள். போக வேறு இடம் இல்லாததால் சின்னவளும் வந்தாள். முதலாளியே மினுக்கும் செருப்போடு கரைக்கு வந்து நின்றார். வலை விரித்துக் கிடந்தது. சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒயரில் அதே ஒட்டு, அதன்மேல் புதிதாக இன்னொரு பிளாஸ்டிக் கவர்.

பெண்கள் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"என்ன, இறங்கலையா?" என்றார் முதலாளி.

"சக்கரத்த நிறுத்துங்க, இறங்கறோம்," என்றாள் பெரியவள்.

"நிறுத்தினா மீன் செத்துரும்மா. உங்களுக்கு ஒண்ணும் புரியாது."

"இன்னும் ஒரு மணி நேரத்துல ஐஸுப் பெட்டியில சாகப்போற மீனுதானுங்களே."

"குளத்துல செத்தா எவன் வாங்குவான்?"

"அப்படிச் செத்தா, எங்க வீட்டு பாத்ரூம்ல செத்துச்சுன்னு எழுதிக்குங்க. நீங்க எழுதாததா?"

பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். முதலாளியின் முகம் கறுத்தது. மேஸ்திரியைப் பார்த்து, "உன் பொண்டாட்டிய அடக்குய்யா," என்றார். மேஸ்திரி அவளிடம் போய் நின்றான். ஏதோ சொல்லப் போகிறான் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவன் துண்டை உதறிப் போட்டு அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தான். பெரியவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐஸ் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். வெயில் ஏற ஏற வண்டிக்கடியில் தண்ணீர் சொட்டியது. இரண்டாவது ஹாரனுக்கு முதலாளி மேனேஜர் பக்கம் கையை ஆட்டினார். "சரிங்கய்யா," என்று அவர் ஓடிப்போய் நிறுத்தினார். பண்ணைக்கு வேலைக்கே வராத மாமியார் எங்கிருந்தோ வந்து, அந்தச் சுவிட்சுப் பெட்டிக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள்.

தண்ணீர் அசையாமல் கிடந்தது. பெண்கள் வரிசையாக இறங்கி வலையை இழுத்தார்கள். பெரியவளின் ஆறாத கால் சேற்றில் எரிந்தது. வலை சுருங்கச் சுருங்க மீன்கள் முதுகு பளிச்சிட மேலே வந்து துள்ளின. கரண்டுக்காரர் கரையில் நின்று நேரம் பார்த்தார்.

"நிறுத்தி இருவத்தஞ்சு நிமிஷம் ஆச்சு," என்று உரக்கச் சொன்னார்.

சின்னவள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலைக்குள் குனிந்தாள். கைகளால் மீன்களை விலக்கி விலக்கி அடிவரை தேடினாள். மறுபடி தேடினாள்.

"ஒண்ணுகூடச் சாகலையேக்கா," என்றாள். மூன்று வாரமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"போதும் போதும், சக்கரத்தப் போடு!" என்று முதலாளி கத்தினார். மேனேஜர் பெட்டியிடம் போய், "எழுந்திரும்மா," என்றார். மாமியார் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். தண்ணீரில் இருந்தவர்களைத் தலை தலையாக எண்ணினாள். பெரியவள் சின்னவளை அணைத்துப் பிடித்துக் கரையேற்றும் வரை, கடைசிப் பெண் ஈரக்காலை மேட்டில் வைக்கும் வரை, அவள் எழுந்திருக்கவில்லை.